ஜல்லியும் தாரும் களஞ்சியம் ஏறுமா?

மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி என்றால் பொம்மைதான். நவராத்திரி நெருங்கினால் கொலுப் பொம்மைக்கும், சதுர்த்தி நெருங்கினால் பிள்ளையாருக்கும் ஆட்கள் திருப்பரங்குன்றம் பக்கம் வண்டியைத் திருப்புவார்கள். போகிற சாலையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்த்திருக்கிறது. 2008-ல் அது வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையில் ஐந்து சாலைகள் வரிசையாக வருகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்து ஜம்புலிங்கம் தெரு, 2002-ல் போட்டது. ஈரோடு வீரபத்திரர் வீதி, 2003. மதுரை வண்டியூர் சாலை, 2004. விளாச்சேரி சாலை, 2005. கடைசியாக, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் கேன்டீன் சாலை, 2006. டீ குடிக்கப் போகிற பாதை ஒன்று தேசிய அறிக்கையில் ஏறியது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

ஐந்துமே பிளாஸ்டிக் கழிவு சேர்த்துப் போட்ட தார்ச்சாலைகள். முறையை உருவாக்கியவர் அதே கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன். கருமுத்து தியாகராசர் 1957-ல் தொடங்கிய கல்லூரி அது. 2006-ல் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018-ல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ.

இப்போது ஒரு கேள்வி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து கிடக்கும் விக்கிப்பீடியா போன்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்தத் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பக்கம் தகுமா? பத்மஸ்ரீயே வாங்கியாயிற்று, இன்னும் என்ன கேள்வி என்று தோன்றலாம். ஆனால் விருது மனிதருக்குக் கொடுத்தது. அவர் கண்டுபிடித்த முறைக்குக் களஞ்சியம் தனிக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதற்கு மதுரையைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். ஊருக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் இந்தக் கேள்விக்கு மூன்று நான்கு விதமான பதில்கள் கிடைக்கின்றன.

முதலில் முறை என்ன என்று பார்த்துவிடலாம். சாலை போடும் ஹாட்மிக்ஸ் பிளாண்டில் ஒரு பெரிய டிரம் சாய்வாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஜல்லி சூடேறும், சுமார் 160, 170 டிகிரி செல்சியஸ் வரை. வழக்கமான வேலையில் அடுத்தது தார். வாசுதேவன் முறையில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. கேரி பேக், டீ கப், மிட்டாய்த் தாள் போன்றவற்றைச் சில மில்லிமீட்டர் அளவுக்குத் துருவலாக வெட்டி, கொதிக்கும் ஜல்லி மேல் தூவுகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. சாம்பல் நிறத்தில் தூசியாக இருந்த கல், எண்ணெய் தடவியது போலப் பளபளக்கத் தொடங்குகிறது. பிளாஸ்டிக் உருகிக் கல்லின் மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு தாரை ஊற்றிக் கலந்து, லாரியில் ஏற்றி, பரப்பி, ரோலர் விடவேண்டியதுதான். புது இயந்திரம் எதுவும் வேண்டாம். பழைய பிளாண்ட், பழைய ஆட்கள், கூடுதலாக ஒரு மூட்டைத் துருவல்.

இந்தத் தோல் எதற்கு? கல்லுக்கும் தாருக்கும் இருக்கிற ஒட்டுதல் தண்ணீரைக் கண்டால் தளர்ந்துபோகும். கல்லின் நுண்துளைகளில் நீர் புகுந்தால் தார் மெல்ல மெல்ல உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு மதுரைச் சாலைகளில் முளைக்கும் பள்ளங்களில் பாதிக்கு இதுதான் மூலகாரணம். (மீதிப் பாதிக்குக் காரணம் வேதியியலில் இல்லை.) பிளாஸ்டிக் பூசிய கல்லின் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. பாலித்தீனும் தாரும் ஒரே பெட்ரோலியக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. தாரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைச் சேர்க்கலாம் என்பது கணக்கு. ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஆகாது. பி.வி.சி. கூடவே கூடாது. சூடுபட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும்.

சரி, இதற்குக் களஞ்சியத்தில் ஒரு பக்கம் எழுத என்ன தடை?

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல். தமிழில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை. அச்சுப் புத்தகமாக இருந்தால் காகிதச் செலவு, பக்கக் கணக்கு என்று பதிப்பாசிரியர் கத்தரிக்கோல் வைப்பார். இணையத்தில் அந்தக் கவலை கிடையாது. ஆனாலும் வாசலில் ஒரு சோதனை உண்டு. ஒரு பொருளைப் பற்றி, அதோடு தொடர்பில்லாதவர்கள், நம்பத்தக்க இடத்தில், விரிவாக எழுதியிருக்க வேண்டும். பொருள் நல்லதா, பயனுள்ளதா, பெரிய லாபம் ஈட்டுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. சம்பந்தம் இல்லாதவர் எழுதியிருக்கிறாரா, எங்கே எழுதியிருக்கிறார், எவ்வளவு எழுதியிருக்கிறார் என்ற மூன்றுதான் கேள்வி. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் வீட்டாரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட மாட்டார்கள். தெருவில் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். களஞ்சியத்தின் விதியும் அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் தொழில்நுட்பங்கள் சறுக்குகின்றன. காப்புரிமை இருக்கிறதே என்பார்கள். காப்புரிமை அலுவலகம் பார்ப்பது முறை புதிதா என்று. அதை யாராவது பயன்படுத்தினார்களா, பயன்படுத்தியவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதன் வேலையில்லை. உலகில் காப்புரிமை வாங்கி அலமாரியில் தூங்கும் கருவிகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஆய்விதழில் கட்டுரை வந்திருக்கிறதே என்பார்கள். எழுதியவர் கண்டுபிடித்தவரே என்றால் அது வீட்டுப் பேச்சு. பத்திரிகையில் வந்ததே என்றால், செய்தியாளர் சந்திப்பில் கொடுத்த தாளை அப்படியே அச்சிட்டதா, நிருபர் போய்ப் பார்த்து எழுதியதா என்று பிரிக்க வேண்டும். பத்து நாளிதழில் வந்த ஒரே தாள், களஞ்சியத்தின் கணக்கில் ஒன்றுதான்.

விளாச்சேரிச் சாலையை ஆராய்ந்த அந்த 2008 அறிக்கையையே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சோதனை, பெங்கல்மேன் பீம் எனப்படும் நீண்ட கம்பியை வைத்துச் செய்வது. பின் அச்சில் எட்டு டன்னுக்குச் சற்று மேல் பாரம் ஏற்றிய லாரியைச் சாலையில் நிறுத்துகிறார்கள். இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவிலிருக்கும் சந்துக்குள் கம்பியின் நுனியை நுழைத்துத் தரையில் வைக்கிறார்கள். லாரி மெதுவாக நகர்கிறது. பாரம் விலகியதும் அமுங்கியிருந்த சாலை மேலே எழும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த எழும்பலைக் கம்பியின் மறுமுனையில் உள்ள டயல் காட்டுகிறது. அதிகம் எழும்பினால் சாலை பலவீனம். பிளாஸ்டிக் சாலைகள் ஐந்திலும் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட, பிளாஸ்டிக் சேர்க்காத 2002-ஆம் ஆண்டுச் சாலையில் ஒன்றரை மில்லிமீட்டர். வித்தியாசம் சின்னதல்ல.

அறிக்கையின் அட்டையில் இருப்பது மத்திய வாரியத்தின் பெயர். வாரியத்துக்காகச் சோதனைகளைச் செய்து கொடுத்ததோ தியாகராசர் பொறியியல் கல்லூரி. ஆராய்ந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லவே இல்லை. அளவுகள் சரியாகவே இருக்கலாம். ஆனால் களஞ்சியம் எழுதுகிறவர், முறையைக் கண்டுபிடித்த இடமே அதை எடைபோட்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, வெளியாள் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று அடுத்த தாளைப் புரட்ட வேண்டும்.

புரட்டினால் கிடைக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1934-ல் தொடங்கிய அமைப்பு. நாட்டில் சாலை போடுவதற்கான விதிநூல்களை வெளியிடுவது அதுதான். 2013-ல் அது, சூடான கல்லின் மேல் பிளாஸ்டிக்கைப் பூசும் இந்த உலர்முறைக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. எந்தப் பிளாஸ்டிக், என்ன அளவில், எந்தச் சூட்டில் என்று வரையறுத்தது. 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு படி மேலே போய், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச்சாலைகளுக்கு இந்த முறையைக் கட்டாயமாக்கியது. மதுரையில் ஒரு பேராசிரியர் சொன்னது டெல்லியில் ஒரு குழு உட்கார்ந்து விவாதித்து விதியானால், அதற்குப் பெயர் வெளியாள் சாட்சி. இந்த இரண்டு ஆவணங்கள் போதும், தனிப் பக்கம் தகும் என்று சொல்ல. பத்மஸ்ரீயைவிட இவை கனமானவை.

தகும் என்று ஆன பிறகுதான் நிஜமான சிக்கல் தொடங்குகிறது. பக்கம் எதைப் பற்றியது? பெங்களூருவில் கே.கே. பிளாஸ்டிக் வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனமும் 2002-லேயே பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போட்டிருக்கிறது. அங்கே பிளாஸ்டிக்கைத் தாரிலேயே கலப்பார்கள், கல்லில் பூச மாட்டார்கள். பார்வைக்கு இரண்டு சாலையும் ஒன்றே. வேதியியலில் வேறு வேறு: தாரில் கலந்த பிளாஸ்டிக், சூடாக வைத்திருக்கும்போது பிரிந்து மேலே மிதக்கும் தொல்லை உண்டு. ஸ்காட்லாந்தில் டோபி மெக்கார்ட்னி என்பவர், தென்னிந்தியாவில் குப்பை பொறுக்குகிறவர்கள் சாலைக்குழியில் பிளாஸ்டிக்கைப் போட்டு உருக்கி அடைத்ததைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 2016-ல் மெக்ரீபர் என்ற நிறுவனம் தொடங்கினார். அவர் விற்பது தாரில் சேர்க்கும் பிளாஸ்டிக் மணிகளை. நெதர்லாந்தில் ஸ்வோல்லெ நகரத்தில் 2018 செப்டம்பரில் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதை அமைத்தார்கள். அதில் தாரும் இல்லை, ஜல்லியும் இல்லை. உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, மழைநீர் அதற்குள் ஓடும்படி செய்தது.

எல்லாவற்றுக்கும் செய்தித்தாள் வைத்த பெயர் பிளாஸ்டிக் சாலை. மதுரைச் சாலைக்கு ஆதாரம் தேடுகிறவர் அவசரத்தில் ஸ்வோல்லெயின் புகைப்படத்தையும் மெக்ரீபரின் கணக்கையும் கொண்டுவந்து ஒரே பக்கத்தில் கொட்டினால், படிக்கிற மாணவனுக்கு எந்தச் சாலையும் புரியாது. ஒரு தொழில்நுட்பத்துக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. புகழுக்காக வேண்டாம், பக்கத்து வீட்டுப் பொருளோடு கலந்துவிடாமல் இருக்க வேண்டும்.

பக்கம் எழுதினால் குறையும் எழுத வேண்டும். பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்காமல் அப்படியே டிரம்மில் கொட்டினால் என்ன ஆகும், சூடு எல்லை மீறினால் பிளாண்டில் நிற்கும் தொழிலாளி எதைச் சுவாசிப்பார், சாலை தேயத் தேய நுண்பிளாஸ்டிக் வாய்க்காலுக்குப் போகுமா என்ற கேள்விகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்த இடத்திலிருந்து வரும் துண்டறிக்கையில் இவை இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. வெளியாள் எழுத்தைக் களஞ்சியம் வற்புறுத்துவதன் பலன் இங்கேதான் தெரியும்: வெளியாள்தான் குறை சொல்வார்.

கம்பெனிகளுக்கு இந்த விதி பிடிக்காது. தங்கள் இயந்திரத்துக்கு ஒரு பக்கம் இருந்தால் கூகுளில் முதலில் வரும், டெண்டரில் காட்டலாம் என்று ஆள் வைத்து எழுதுகிற வழக்கம் உலகம் முழுக்க உண்டு. காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை 2014-ல் விதி போட்டதற்குக் காரணமே அந்தத் தொல்லைதான்.

நம் கேள்விக்கு அடுத்த பதில் மதுரை அண்ணாநகரில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். கண்புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, விலை நூறு டாலரைத் தாண்டும். 1992-ல் அரவிந்த் தன் சொந்த ஆலையாக ஆரோலேபைத் தொடங்கி, லென்ஸை மதுரையிலேயே செய்யத் தொடங்கியது. விலை முதலில் பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு இன்னும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் மதுரை லென்ஸ் மனிதர்களின் கண்ணுக்குள் இருக்கிறது.

இதற்கு வெளியாள் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993-லேயே அரவிந்தைப் பாடமாக எழுதிவிட்டது. ஆனால் அந்த எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெரும்பாலும் அவை பேசுவது நிர்வாகத்தை: இலவச நோயாளியையும் காசு கொடுக்கும் நோயாளியையும் ஒரே நிறுவனம் எப்படிச் சமாளிக்கிறது, ஒரு மருத்துவர் ஒரு நாளில் எத்தனை அறுவை செய்கிறார் என்று. பிளாஸ்டிக் வில்லையை லேத்தில் வைத்துக் கடைந்து, மெருகேற்றி, கிருமி நீக்கி அடைக்கும் வேலை சில வரிகளில் முடிந்துவிடும். லென்ஸ் கண்டுபிடிப்பும் மதுரையுடையதல்ல. லண்டனில் ஹரால்டு ரிட்லி 1949 நவம்பரில் முதல் லென்ஸை வைத்தார். உலகப்போரில் விமான முகப்பின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் சீழ் பிடிக்காததைக் கவனித்ததுதான் அவருக்குப் பொறி. ஆக, கண்ணுள் லென்ஸுக்கு ஒரு பக்கம் உறுதி, ஆரோலேபுக்கு ஒரு பக்கம் உறுதி. மதுரை லென்ஸ் தயாரிப்பு முறை என்று மூன்றாவதாக ஒன்று தொடங்கினால் அதில் எழுத விஷயம் போதாது. ஊர்ப்பற்று வேறு, பக்கக் கணக்கு வேறு.

மல்லிகைக்கும் இதே கதி. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பூவுக்குப் பக்கம் எழுத எவ்வளவோ இருக்கிறது. சந்தையில் விலை போகாத நாளில் அதே பூ மூட்டை மூட்டையாக வாசனை ஆலைக்குப் போகும். மொட்டாகப் பறித்த பூ ராத்திரியில்தான் விரியும், விரிந்தால்தான் வாசம் இறங்கும் என்பதால் ஆலை ஊர் உறங்கும் நேரத்தில் ஓடும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால், மெழுகு போல ஒரு பொருள் மிஞ்சும். தொழிலில் இருக்கிறவர்கள் அதைக் காங்கிரீட் என்பார்கள். அதை ஆல்கஹாலில் கழுவினால் அப்சல்யூட். வெளிநாட்டு சென்ட் பாட்டில்களுக்குள் போவது அது. பார்க்க வியப்பான வேலைதான். ஆனால் கரைப்பான் வைத்து வாசனை எடுப்பது உலகம் முழுக்கத் தெரிந்த முறை. அந்தப் பொதுப் பக்கத்தில் மதுரை வட்டாரத்துக்கு ஒரு நல்ல பத்தி கிடைத்தால் நியாயம்.

சுங்குடி வேறு மாதிரி. மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைவேலை. 2005-ல் புவிசார் குறியீடு. துணியை மடித்து, ஊசிமுனை அளவுக்குக் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது செய்முறை, வரலாறு எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக விரல்நுனியில் இருந்த வேலை அரசாங்கக் கோப்பில் ஏறியது அப்படித்தான். களஞ்சியத்துக்கு அந்தக் கோப்பு பெரிய உதவி. மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும் வந்து கைமுடிச்சை ஓரங்கட்டிவிட்ட காலத்தில் அந்த எழுத்து இன்னும் பெறுமதியானது.

கோப்பில் ஏறாத வேலைகள்தான் அதிகம். கப்பலூர்த் தொழிற்பேட்டையிலும் ஊருக்குள் சந்து சந்தாக இருக்கும் லேத் பட்டறைகளிலும், உடைந்த பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வரைபடமே இல்லாமல் அதே அளவில் கடைந்து கொடுக்கும் ஆட்கள் உண்டு. அவர்கள் கைக்கொண்டிருக்கும் உபாயங்களில் சில உண்மையாகவே புதியவையாக இருக்கலாம். யாரும் எழுதவில்லை. எழுதாததைக் களஞ்சியம் எடுத்துக்கொள்ளாது. நேரில் பார்த்து எழுதுகிறேன் என்று ஒருவர் புறப்பட்டால், அது சொந்த ஆய்வு, அதற்கு இடம் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

இந்த விதி அநியாயம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2011-ல் அச்சல் பிரபாலா என்பவர் ‘பீப்பிள் ஆர் நாலெட்ஜ்’ என்ற ஆவணப்படத்தின் வழியாக, வாய்மொழிப் பேட்டியையும் சான்றாக ஏற்றால் என்ன என்று கேட்டார். கேரளம் உள்ளிட்ட இடங்களில் விளையாட்டு, சடங்கு, சமையல் பற்றி ஊர்க்காரர்கள் பேசியதைப் பதிவு செய்து, அதைச் சான்றாக வைத்துக் கட்டுரை எழுதிப் பார்த்தார்கள். விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களில் பெரும்பான்மையோர் ஒப்பவில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. இன்றைக்குப் பட்டறைக்காரர் பேட்டியை ஏற்றால், நாளைக்கு மூட்டுவலி எண்ணெய் விற்கிறவரும் ஒரு பேட்டியோடு வருவார்.

விதி சறுக்கிய கதை உலகப் பிரசித்தம். லேசர் ஒளித்துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் நுட்பத்தை 1985-ல் தன் ஆசிரியர் ஜெரார் மூருவோடு சேர்ந்து உருவாக்கியவர் கனடாவின் டோனா ஸ்டிரிக்லண்ட். 2018 மே மாதம் அவரைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை, போதிய வெளிச்சான்று இல்லை என்று ஆங்கில விக்கிப்பீடியா திருப்பி அனுப்பியது. அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல். அறிவிப்பு வந்த பிறகு பக்கம் கிடுகிடுவென்று முளைத்தது. மூருவுக்கு மட்டும் வெகுகாலத்துக்கு முன்பே பக்கம் இருந்தது. களஞ்சியம் வாசலில் கேட்கும் கேள்வி சரி; ஆனால் பதில் இருக்கும் தாள் உலகில் யாரைப் பற்றி எழுதப்படுகிறது, யாரை விட்டுவிடுகிறார்கள் என்பது அதன் கையில் இல்லை.

பட்டறை வேலை களஞ்சியத்துக்கு ஏற்றதா என்ற சர்ச்சை இணையத்துக்கு முந்தியது. பாரிஸில் 1751 முதல் 1772 வரை தெனி திதெரோ நடத்திய கலைக்களஞ்சியத்தில் 17 தொகுதி எழுத்து, 11 தொகுதி படம். திதெரோ கத்தி செய்கிற கொல்லரின் மகன். தத்துவமும் இறையியலும் மட்டுமே அறிவு என்றிருந்த காலத்தில் அவர் கண்ணாடி ஊதுவது, காலுறை பின்னும் தறி, குண்டூசி செய்வது என்று எழுதவைத்தார். ஒரு குண்டூசிக்கு 18 வேலை என்ற அந்த விவரத்தைத்தான் ஆடம் ஸ்மித் 1776-ல் பொருளாதாரத்துக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார். திதெரோ பட்டறைக்கு ஆள் அனுப்பிக் கேட்டு எழுதினார். இணையக் களஞ்சியம் அதைச் செய்வதில்லை. யாராவது கேட்டு எழுதிய பிறகு வருகிறேன் என்கிறது.

மதுரைக்கும் களஞ்சியத்துக்கும் பழைய உறவு உண்டு. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம்தான் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியை 1910-ல் வெளியிட்டது. வெளியிட ஆளில்லாமல் கையெழுத்துப் படியோடு அலைந்தவருக்குக் கை கொடுத்தவர் தேவர். அதில் பெரும்பகுதி புராணம், இலக்கியம், அரச மரபு. பட்டறைக்கு அதிக இடமில்லை. பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தில் அறிவியலும் தொழிலும் முறையாக உள்ளே வந்தன. அந்தந்தத் துறை அறிஞரைத் தேடிப்பிடித்துத் தமிழில் எழுதவைத்தார்கள். இணையத்தில் அப்படித் தேடிப்பிடிக்க யாரும் இல்லை. விருப்பப்பட்டவர் வந்து எழுதினால் உண்டு.

மதுரையைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் பிராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கிறார்கள். கெட்டி அட்டை, தங்க எழுத்து, நூலகத்தில் ஒரு படி. அதில் பாதி இணையத்திலிருந்து இறக்கியது என்று ஆசிரியர்களே சிரிப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் பத்துப் பேரைக் கப்பலூருக்கும், வாசனை ஆலைக்கும், சுங்குடி முடிச்சுப் போடும் வீட்டுக்கும் அனுப்பி, பார்த்ததைப் படத்தோடும் அளவோடும் எழுதவைத்து, கல்லூரி ஒரு சிற்றிதழாகவாவது அச்சிட்டுப் பொதுவில் வைத்தால், நாளைக்குக் களஞ்சியம் எழுதுகிறவருக்குக் கைப்பிடி கிடைக்கும். விதியைத் தளர்த்தச் சொல்லிப் போராடுவதைவிட இது சுலபம், செலவும் குறைவு.

வைத்தால் மட்டும் போதாது, கைக்கு எட்டவும் வேண்டும். நாட்டின் தொழில் தரநிலை நூல்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று இருந்ததை எதிர்த்து, அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்தவர் கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர். அந்த விவகாரம் 2015-ல் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனது. தன் தெருச் சாலை எந்த விதிப்படி போடப்பட்டது என்று பார்க்க ஒருவர் புத்தகம் விலைக்கு வாங்கவேண்டியிருந்தால், களஞ்சியத்தின் அடிக்குறிப்பைச் சரிபார்க்க யார் மெனக்கெடுவார்?

வாசுதேவனின் ஆய்வகத்திலிருந்து சாலைக்குப் பிறகு இன்னொன்றும் வந்தது. பிளாஸ்டோன் என்று பெயர். கிரானைட், செராமிக் உடைசல்களைப் பிளாஸ்டிக் கழிவோடு சேர்த்து உருக்கி அழுத்திய தரைக்கல். ஒரு கல்லுக்குச் சுமார் 300 கேரி பேக்கும் ஆறு பாட்டிலும் உள்ளே போகும் என்பது அவர்கள் கணக்கு. தண்ணீர் உள்ளே இறங்காது, நடைபாதைக்கு ஆகும். செய்தித்தாள்களில் வந்தது. ஆனால் சாலைக்குக் கிடைத்ததுபோல ஒரு விதிநூலோ, அரசாணையோ, கல்லூரிக்கு வெளியே ஒருவர் எடுத்து உடைத்துப் பார்த்து எழுதிய விரிவான ஆய்வோ அதற்குத் துணையாக நிற்கவில்லை. அதுவரைக்கும் பிளாஸ்டோனுக்குச் சாலைப் பக்கத்திலேயே ஒரு பத்தி போதும்.